கையெழுத்துப் போடாத இன்ஜினியர்

ரொம்ப நாளாக எழுதவேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. மார்ச் மாதக் கணக்கு முடிந்து கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. இப்போது விட்டால் பிறகு அடுத்த மார்ச்தான்.

ஊரிலிருந்து அம்மா போன் செய்யும்போதெல்லாம் கடைசியில் ஒரு வரி தவறாமல் வரும். "அந்த ஹெலிகாப்டர்ல மட்டும் ஏறாதேப்பா, கப்பல்லயே போய்க்கோ." கப்பல் என்றால் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு ஏறக்குறைய மூன்று நாள். (2024 செப்டம்பரில் ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஆனாலும் நம் ஆட்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது, மன்னிக்கவும்.) தீவு விட்டுத் தீவு போக வேண்டும் என்றால் கப்பல், படகு, இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நண்பர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். இங்கே ஹெலிகாப்டர் என்பது மந்திரிகள் ஏறுகிற வாகனம் இல்லை. பிரசவத்துக்குப் போகிற பெண், பரீட்சைக்குப் போகிற பையன், விசாரணைக்குப் போகிற போலீஸ்காரர், பெட்டியோடு போகிற பேங்க்காரன், எல்லோரும் அதில் ஏறியாக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் எனக்குக் கார் நிக்கோபாரில் போஸ்டிங். ஒரு ராத்திரி பதினொரு வயசுப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். டாக்டர் பார்த்துவிட்டு அப்பெண்டிக்ஸ் மாதிரி தெரிகிறது, போர்ட் பிளேருக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார். கப்பல் இரண்டு நாள் கழித்துத்தான். காலையில் வருகிற ஹெலிகாப்டரில் நோயாளி சீட் போட்டுக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரும் வந்தது. வந்து இறங்கியதும் அதில் கூடவே வந்த இன்ஜினியர் "இப்போது கிளம்ப முடியாது" என்று சொல்லிவிட்டார். இறங்கும் முன் ஏதோ ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்ததாம்.

அவர் கியர்பெட்டியிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு திருகாணி மாதிரி எதையோ கழற்றி, வெள்ளைத் துணியில் துடைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். போனில் யாரிடமோ பேசினார். மறுபடி பார்த்தார். எனக்கோ ரத்தம் கொதிக்கிறது. பையன் அங்கே ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறான். நான் போய்க் கத்தினேன். கத்தினேன் என்றால் நாகரிகமாகச் சொல்கிறேன். "துணியில் தூசி மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது, அதற்குப்போய் ஒரு குழந்தையைக் காக்க வைப்பீர்களா, யாரிடம் புகார் கொடுக்க வேண்டும் சொல்லுங்கள்" என்றெல்லாம். ஐம்பது தாண்டிய மலையாளி அவர். தலையைத் தூக்காமலே சொன்னார்: "சாரே, நிங்கட மோன் இதில் கேறணும். அதுகொண்டுதான் நோக்குன்னது."

இன்ஜினைத் தரையிலேயே ஓட்டிப் பார்த்து, நிறுத்தி, அந்தத் திருகாணியைத் திரும்பக் கழற்றிப் பார்த்து, மூன்று மணி நேரம் கழித்துத்தான் கையெழுத்துப் போட்டார். மதியம் போர்ட் பிளேர் சேர்ந்தோம். சாயங்காலம் ஆபரேஷன். பையன் நன்றாக இருக்கிறான், இப்போது என்னைவிட உயரம்.

நிற்க.

அந்தத் திருகாணிதான் இந்தப் பதிவுக்குக் காரணம். அதற்குச் சிப் டிடெக்டர் என்று பெயர். நுனியில் ஒரு காந்தம். கியர்பெட்டிக்குள் ஓடுகிற எண்ணெயில் இரும்புத் துணுக்கு ஏதாவது மிதந்தால் காந்தத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும், உடனே பைலட்டுக்கு முன்னால் விளக்கு எரியும். பல்சக்கரம் தேயும்போது வருகிற மெல்லிய பொடியா, அல்லது உடைந்து விழுந்த சில்லா என்று கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பது இன்ஜினியரின் வேலை. ஹெலிகாப்டருக்கு இறக்கை கிடையாது. கியர்பெட்டி போனால் எல்லாம் போச்சு.

வீட்டுக்கு வந்தபின் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டது ஸ்காட்லாந்து விபத்து. 2009 ஏப்ரல் 1. எண்ணெய்க் கிணற்றுத் தளத்திலிருந்து தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு வடகடல் மேல் திரும்பிய சூப்பர் பூமா ஹெலிகாப்டர் கடலில் விழுந்து 16 பேரும் இறந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, மார்ச் 25 அன்று, அதே கியர்பெட்டியின் சிப் டிடெக்டரில் ஒரு உலோகத் துணுக்கு கிடைத்திருக்கிறது. பராமரிப்புக்காரர்களும் தயாரிப்பு நிறுவனமும் போனிலும் மின்னஞ்சலிலும் பேசிக்கொண்டார்கள். பேச்சில் ஒருவர் சொன்னதை மற்றவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். செய்திருக்க வேண்டிய ஒரு சோதனை செய்யப்படவில்லை. கியர்பெட்டிக்குள் ஒரு பல்சக்கரம் விரிசல் விட்டுக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. நான் கத்திய கத்தலுக்குப் பயந்து அந்த மனிதர் கையெழுத்துப் போட்டிருந்தால்?

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1944-இல் சிகாகோவில் உலக நாடுகள் கூடி விமானப் போக்குவரத்துக்கு ஒரு உடன்படிக்கை போட்டன. இன்று நாம் ஏறுகிற ஒவ்வொரு பயணிகள் விமானத்துக்கும் அதுதான் அடிப்படை. அதன் மூன்றாம் பிரிவு ஒரு விதிவிலக்குச் சொல்கிறது: ராணுவம், சுங்கம், காவல்துறை ஆகியவற்றின் விமானங்கள் அரசு விமானங்கள், அவற்றுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது. அதாவது போலீஸ் விமானத்தை எப்படிப் பராமரிப்பது என்பது அந்தந்த நாட்டின் இஷ்டம். அமெரிக்காவில் இன்றும் போலீஸ் ஹெலிகாப்டர் அரசுப் பணியில் பறக்கும்போது, பயணிகள் விமானத்துக்கான பராமரிப்புச் சட்டங்களில் பல அதற்குக் கட்டாயம் இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது ஒப்பந்தப் பத்திரம்தான். சட்டம் பேசாத இடத்தில் டெண்டர் நிபந்தனையே சட்டம். காமர்ஸ் படித்த எனக்கு இது பிடிபட்ட இடம் இதுதான்.

நம் நாட்டில் எல்லைப் பாதுகாப்புப் படைக்கு 1969 முதல் விமானப் பிரிவு இருக்கிறது. அதன் விமானங்களில் 'விடி' என்று தொடங்கும் குடிமைப் பதிவு எண் உண்டு. எனவே விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின், அதாவது டிஜிசிஏவின், கண்காணிப்பு அவற்றுக்கும் வருகிறது. விமானப்படை, கடற்படை விமானங்களுக்கு அவரவர் சொந்த ஏற்பாடு. அந்தமானில் போலீசுக்கு என்று தனியாக ஒரு ஹெலிகாப்டரை நான் பார்த்ததில்லை. நிர்வாகத்துக்காகப் பவன் ஹன்ஸ் நிறுவனம் ஓட்டுகிற ஹெலிகாப்டரில்தான் அவர்களும் நம்மோடு முட்டி இடிக்க உட்கார்ந்து வருவார்கள்.

அந்தப் பவன் ஹன்ஸின் பிறப்பிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1985-இல் அரசு நிறுவனமாகத் தொடங்கியது. தொடங்கியதும் பிரிட்டனிலிருந்து 21 வெஸ்ட்லேண்ட்-30 ஹெலிகாப்டர்கள் வந்தன. பணம் பிரிட்டன் கொடுத்த உதவித் தொகை, 6.5 கோடி பவுண்டு. சும்மா வருகிறது என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் உலகத்தில் அந்த மாடலை வாங்கியவர்கள் மிகக் குறைவு. ஆள் வாங்காத வண்டிக்கு உதிரி பாகம் எங்கே கிடைக்கும்? 1988-இலும் 1989-இலும் இரண்டு விபத்துகளில் உயிர்கள் போயின. 1991-இல் எல்லாவற்றையும் தரையில் நிறுத்திவிட்டார்கள். கடைசியில் சுமார் 9 லட்சம் பவுண்டுக்கு மொத்தமாகத் தள்ளிவிட்டார்கள். கடன் கேட்டு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி சொல்வேன், வண்டி விலையைப் பார்க்காதீர்கள், வண்டியை ஓட்டுகிற செலவைப் பாருங்கள் என்று. அது அரசாங்கத்துக்கும் பொருந்தும்.

எல்லைப் பாதுகாப்புப் படைக்கும் சோகங்கள் உண்டு. 2011 அக்டோபர் 19 அன்று ராஞ்சி அருகே அவர்களது துருவ் ஹெலிகாப்டர் விழுந்து மூவர் இறந்தார்கள். 2015 டிசம்பர் 22 அன்று டெல்லியிலிருந்து கிளம்பிய அவர்களது சூப்பர்கிங் விமானம் சில நிமிடங்களில் துவாரகா பகுதியில் விழுந்தது. 10 பேரும் போய்விட்டார்கள். அந்த விமானத்தில் போனவர்களில் பெரும்பாலோர் தொழில்நுட்பப் பணியாளர்கள். ராஞ்சியில் நின்றுபோயிருந்த ஒரு ஹெலிகாப்டரைச் சரிசெய்யப் போய்க்கொண்டிருந்தவர்கள். இதை ஒரு பராமரிப்புக் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. பனிமூட்டத்தில், எழும்பியவுடனே, தேவையான முறையைத் தேர்வு செய்யாமல் தானியங்கிக் கருவியை இயக்கியதால் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது, அதைத் திருத்தவில்லை என்றுதான் விசாரணை சொன்னது. ஆனாலும் என் மனசு அந்தப் பின் இருக்கைகளில்தான் நிற்கிறது. கருவிப் பெட்டியோடு கிளம்பியவர்கள். பழுது பார்க்கிறவர்களின் பெயர் பேப்பரில் வந்தது அவர்கள் செத்த அன்றைக்குத்தான்.

போலீஸ் பணியை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்த கதைகளில் அதிகம் பேசப்பட்டது கிளாஸ்கோ. 2013 நவம்பர் 29 இரவு, ஸ்காட்லாந்து போலீசுக்காக ஒரு தனியார் நிறுவனம் இயக்கிய இசி-135 ஹெலிகாப்டர், 'கிளதா' என்ற மதுக்கடைக் கூரைமேல் விழுந்தது. மேலே இருந்த 3 பேர், கீழே இருந்த 7 பேர் இறந்தார்கள். முக்கியத் தொட்டியில் 76 கிலோ எரிபொருள் பாக்கி இருந்தது. ஆனால் அதை இன்ஜினுக்குத் தள்ளுகிற பம்புகள் அணைக்கப்பட்டிருந்தன. விளக்குகள் எச்சரித்தும் இறங்கவில்லை. எரிபொருள் இருந்தும் பட்டினி கிடந்து நின்றன இன்ஜின்கள். இதற்கு முன் 2009 ஜூன் 9 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலப் போலீஸ் ஹெலிகாப்டர், மலையில் வழி தவறிய ஒரு பெண்ணை மீட்டுக்கொண்டு மோசமான வானிலையில் கிளம்பி விழுந்தது. பைலட்டும் மீட்கப்பட்ட பெண்ணும் இறந்தார்கள். பாதுகாப்பைவிட வேலையை முடிப்பதே பெரிசு என்ற மனப்போக்கு அந்த அமைப்பில் இருந்ததையும் விசாரணை ஒரு காரணமாகச் சொன்னது.

போலீஸ், ஆம்புலன்ஸ், மீட்புப் பணி என்றாலே இந்த அவசரம் கூடவே வரும். யாரோ ஒருவர் ஸ்ட்ரெச்சரில் கிடப்பார். யாரோ ஒரு அப்பா கத்துவார். நானே கத்தியிருக்கிறேனே!

இனி நம் தீவுக்கு வருகிறேன். இங்கே இரண்டு எதிரிகள். ஒன்று தூரம். போர்ட் பிளேரிலிருந்து காம்ப்பெல் பே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், முழுக்கக் கடல். நடுவே பழுதானால் மெக்கானிக் கடை கிடையாது. இரண்டாவது உப்பு. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி ஒரே மழைக்காலத்தில் பொரிந்து உதிர்வதைப் பார்த்தவன் நான். கடல்மேல் தாழப் பறக்கிற ஹெலிகாப்டர் இன்ஜின் அந்த உப்புக் காற்றைத்தான் உறிஞ்சுகிறது. அதனால் பறந்து வந்ததும் நல்ல தண்ணீரால் இன்ஜினுக்குள்ளேயும் உடம்புக்கும் குளியல் போட வேண்டும். மூட்டுகளில் துருத் தடுப்பு எண்ணெய் பூச வேண்டும். மழையில் நிறுத்தாமல் கூரைக்கடியில் வைக்க வேண்டும். தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் குழாயில் சொட்டுச் சொட்டாக வருகிற ஊரில் இதுவும் ஒரு செலவுதான். 2010 டிசம்பர் 30 அன்று 'ஜல் ஹன்ஸ்' என்று தண்ணீரிலும் இறங்குகிற சின்ன செஸ்னா விமானத்தைப் பெரிய விழா எடுத்துத் தொடங்கினார்கள். ஹேவ்லாக்குக்கும் (2018 முதல் ஸ்வராஜ் தீவு) திக்லிபூருக்கும் அதில் போகலாம் என்று ஆசைப்பட்டோம். சில வருடங்களில் அது நின்றுபோய்விட்டது.

2004 சுனாமி அன்று கார் நிக்கோபார் விமானப்படைத் தளமே கடலுக்குள் போனது. அங்கே இருந்த வீரர்களும் குடும்பத்தாரும் நூற்றுக்கு மேல் இறந்தார்கள். ஜெட்டிகள் இல்லை, கப்பல் கரை ஒதுங்க முடியவில்லை. கச்சாலில், ரப்பர் தோட்டத்துக்காக இலங்கையிலிருந்து வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள் இருந்த தீவில், சாவு எண்ணி மாளவில்லை. அந்த நாட்களில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால்தான் உயிர் வந்தது என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். நம்பிக்கையும் பயமும் ஒரே இயந்திரத்தின்மேல். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து இங்கே கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலில் காணாமல் போனது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் உடைசல்கள் கிடைத்திருப்பதாக அறிவிப்பு வந்தது 2024 ஜனவரியில். ஏழரை வருடம்! அம்மா ஏன் பயப்படுகிறாள் என்று நான் எப்படிக் கேட்பேன்?

சரி, இதில் பேங்க்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். டெண்டர் எடுக்கிற ஒவ்வொருவரும் பேங்க் கியாரண்டிக்கு எங்களிடம்தான் வர வேண்டும். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் ஹெலிகாப்டர் பராமரிப்பு சம்பந்தமான டெண்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். எந்த ஊர், எந்தத் துறை என்று சொல்லக்கூடாது, தொழில் தர்மம். பக்கம் பக்கமாகப் படித்தேன். டெபாசிட் எவ்வளவு, தாமதத்துக்குக் கழிவு எவ்வளவு, ஹெலிகாப்டர் பறக்கத் தயாராக இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் பில்லில் எவ்வளவு பிடித்தம் என்று பைசா சுத்தமாக எழுதியிருந்தார்கள். "பறக்கக்கூடாது" என்று இன்ஜினியர் நிறுத்தினால் அந்த நாளுக்கும் பிடித்தம் உண்டா என்று மட்டும் எங்கேயும் எழுதவில்லை. எழுதாவிட்டால் உண்டு என்றுதான் அர்த்தம். யோசித்துப் பாருங்கள். கார் நிக்கோபாரில் அன்றைக்கு அந்த மலையாளி இன்ஜினியருக்குப் பின்னால் அப்படி ஒரு ஒப்பந்தமும், முன்னால் என்னை மாதிரி ஒரு அப்பாவும் நின்றிருந்தால்?

விதிகள் இல்லாமல் இல்லை. டிஜிசிஏவின் சிஏஆர்-145 என்ற விதித்தொகுப்பு பராமரிப்பு நிறுவனத்துக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்கிறது. அதையும், படித்த விபத்துகளையும், என் பேங்க் புத்தியையும் சேர்த்து நானே ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன்.

1. நிறுவனத்துக்கு அந்தக் குறிப்பிட்ட மாடலுக்கே அனுமதி இருக்க வேண்டும். ஹெலிகாப்டர் தெரியும் என்றால் போதாது. எங்களிடம் விவசாயக் கடன் பார்த்தவரை அந்நியச் செலாவணி மேஜையில் உட்கார வைப்பதில்லை.

2. கையெழுத்துப் போடுகிற உரிமம் பெற்ற இன்ஜினியர்கள் யார், எத்தனை பேர், எத்தனை மணி நேரம் வேலை என்பது காகிதத்தில் மட்டுமல்ல, தீவிலேயே இருக்க வேண்டும். டெண்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஆள் வேறு ஊரில் இருக்கக்கூடாது.

3. பறப்பைக் கட்டுப்படுத்துகிற முக்கிய பாகங்களில் கை வைத்தால் ஒருவர் செய்ததை இன்னொருவர் தனியாகச் சோதிக்க வேண்டும். எங்கள் பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள். அதே கதைதான்.

4. ஒவ்வொரு உதிரி பாகத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். எங்கே செய்தது, எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது தூக்கி எறிய வேண்டும் என்று. சுழலும் பாகங்களில் பலவற்றுக்கு ஆயுள் மணிக்கணக்கில் உண்டு. நன்றாக இருக்கிறதே என்று ஒரு மணி நேரம்கூட நீட்டக்கூடாது.

5. திருகு முடுக்குகிற கருவிகூடக் குறித்த காலத்தில் அளவு சரிபார்க்கப்பட வேண்டும். தராசே தப்பென்றால் எடை எப்படிச் சரியாகும்?

6. பராமரிப்புப் பதிவேடுகள் ஒப்பந்தக்காரரின் சொத்து அல்ல. ஒப்பந்தம் கைமாறும்போது ஒரு தாள்கூடக் குறையாமல் ஒப்படைக்க வேண்டும்.

7. கடலோர வேலைக்கு நல்ல தண்ணீர்க் குளியல், கூரை, துருச் சோதனை மூன்றையும் தனிச் செலவுத் தலைப்பாகக் காட்ட வேண்டும். மொத்தத்தில் சேர்த்துவிட்டால் முதலில் வெட்டு விழுவது அங்கேதான்.

8. பாதுகாப்புக் காரணத்துக்காக நிறுத்திய நாளுக்குப் பிடித்தம் கூடாது. நிறுத்தியவருக்குத் தண்டனையும் கூடாது.

இதில் எட்டாவதுதான் முதலாவது. கடைசியில் போட்டேன், ஏனென்றால் டெண்டர்களில் அதற்கு அந்த இடம்கூடக் கிடைப்பதில்லை.

பேங்க் கியாரண்டி என்பது என்ன? ஒப்பந்தக்காரர் சொன்னதைச் செய்யாவிட்டால் நாங்கள் பணம் கொடுக்கிறோம் என்ற வாக்குறுதி. இருபது வருடமாக அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எது போனாலும் அதில் ஒரு தொகை எழுதியிருக்கும், அதைக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். அந்த இன்ஜினியர் போட்ட கையெழுத்தில் தொகை எதுவும் இல்லை. தப்பினால் நேராக்க வழியும் இல்லை. அதனால்தான் அவர் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார். மாசம் எத்தனையோ கையெழுத்து அவசரமாகப் போடுகிற எனக்கு, அன்று அவர்மேல் கோபம் வந்தது. இன்று நினைத்தால் என்மேல்தான் வருகிறது.

அவரை மறுபடி பார்த்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று போன வருடம் விசாரித்தேன். ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். பெயர்கூட அன்றைக்கு நான் கேட்டுக்கொள்ளவில்லை. புகார் கொடுப்பதற்காக யாரிடம் போக வேண்டும் என்றுதான் கேட்டேன்.

நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் சரி, அடுத்த முறை விமானம் "தொழில்நுட்பக் காரணத்தால்" தாமதம் என்று அறிவிப்பு வந்தால், கவுண்டரில் போய்ச் சத்தம் போடுமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். எங்கேயோ ஒருவர் வெள்ளைத் துணியில் எதையோ துடைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பின்குறிப்பு: அம்மாவுக்கு இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த மனுஷன் இருந்தா மட்டும் ஏறு" என்றாள்.